எட்வர்ட் பிளைத்தின் கருத்தை டார்வின் எடுத்துக்கொண்டாரா?

ஆட்காட்டி:

பறவைப் படங்கள் இழையில் நாணல் கதிர்குருவி படம் போட்டபோது, அதன் ஆங்கிலப் பெயரில் (Blyth's reed warbler) இருக்கிற பிளைத் யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை, அதனால் தனி இழை.

எட்வர்ட் பிளைத் 1810 டிசம்பரில் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். கல்லூரிப் படிப்பு கிடையாது. பள்ளியில் படித்த நாளிலேயே பாடத்தைவிடக் காடு மேடு சுற்றுவதில்தான் நாட்டம். கொஞ்ச நாள் வேதியியல் கற்றுக்கொள்ளப் போனார், அதுவும் ஒட்டவில்லை. கைக்கு வந்த சிறு சொத்தைப் போட்டு லண்டனுக்குத் தெற்கே டூட்டிங்கில் மருந்துக்கடை வைத்தார். கடையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள, இவர் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே எழுந்து படிப்பது, குறிப்பெடுப்பது, படம் வரைவது, பறவைகளைத் தேடிப் போவது என்று இருந்தார். கடை நொடித்துப்போனது. 1841இல் கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராகப் போனார், மாதம் 250 ரூபாய் சம்பளம். இருபது ஆண்டுக்கு மேல் அங்கேதான் இருந்தார். 1873 டிசம்பரில் லண்டனில் இறந்தார்.

இனி நான் சொல்ல வந்தது. இந்தியாவுக்கு வருமுன்பே, 24 வயதில், 1835இல், லண்டனில் வந்துகொண்டிருந்த இயற்கை வரலாற்று இதழ் ஒன்றில் விலங்குகளின் வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1836, 1837இலும் அதன் தொடர்ச்சியாக எழுதினார். இரை குறையும்போது வலுவும் வேகமும் உள்ள விலங்கு பிழைக்கும், மற்றவை மடியும். பெண் விலங்குக்காக நடக்கும் சண்டையில் வலியது ஜெயிக்கும், அதன் குணங்களே அடுத்த தலைமுறைக்குப் போகும். வளர்ப்புப் பிராணிகளில் மனிதன் உண்டாக்குகிற மாற்றம் போலக் காட்டிலும் நடக்கலாமா, இன்று தனித்தனி இனம் என்று நாம் சொல்பவை ஒரே பெற்றோரிலிருந்து வந்திருக்கலாமா என்ற கேள்வி. எல்லாம் அந்தக் கட்டுரைகளில் இருக்கிறது. டார்வின் அந்த இதழைத் தவறாமல் படித்தவர். 1859இல், இயற்கைத் தேர்வால் இனங்கள் மாறுகின்றன என்று சொல்லும் அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வருகிறது. அதில் கோழி பற்றியும் மாடு பற்றியும் பேசும் இடங்களில் பிளைத் பெயர் உண்டு, இந்தக் கருத்து வரும் இடத்தில் இல்லை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1959இல், அமெரிக்க மானிடவியலாளர் லோரன் ஐஸ்லி இதை எடுத்துக்காட்டி எழுதினார்.

பட்டம் இல்லாத மருந்துக்கடைக்காரர் சொன்னதைப் பணக்கார வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டார், பெயரையும் சொல்லவில்லை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.


பனங்காடை:

தம்பி, வாழ்க்கைக் குறிப்பு நன்றாக இருக்கிறது, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 1835 கட்டுரையை முழுவதும் படித்தால் அது டார்வினுக்கு நேர் எதிர்த் திசையில் போவது தெரியும். வலியது பிழைக்கும், நலிந்தது அழியும் என்று பிளைத் சொல்கிறார், உண்மை. எதற்காகச் சொல்கிறார்? ஓர் இனத்தின் மூல வடிவம்தான் அதன் வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமானது, அதிலிருந்து விலகிப் பிறப்பவற்றை இயற்கை கழித்துக்கட்டி அந்த இனத்தை அப்படியே காப்பாற்றுகிறது என்பதற்காக. படைப்பில் இருக்கிற ஒழுங்குக்கு அதை ஒரு சாட்சியாகத்தான் காட்டினார். இனம் மாறாமல் இருக்க இயற்கை வைத்த காவல் என்று அவர் நினைத்த அதே விஷயத்தை, இனம் மாறுவதற்குக் காரணம் என்று டார்வின் சொன்னார்.

நலிந்தவை அழிகின்றன என்பது அன்றைக்குப் பிளைத் மட்டும் சொன்னதும் இல்லை. புவியியலாளர் லையல் தம் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் (1832) இனங்களுக்கு இடையே நடக்கும் போராட்டம், அதனால் வரும் அழிவு இவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தாவரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று போரில் இருக்கின்றன என்று தாவரவியலாளர் தெ காந்தோல் அதற்கும் முன்பே சொல்லிவிட்டார். டார்வின் இதையெல்லாம் பீகிள் கப்பலில் உலகம் சுற்றியபோதே படித்துக்கொண்டிருந்தவர்.

நீங்கள் எடுத்துக்காட்டிய அந்தக் கேள்வி, ஒரே பெற்றோரிலிருந்து பல இனங்கள் வந்திருக்கலாமா என்பது, அவர் கேட்டதுதான். கேட்டுவிட்டு அப்படி இருக்க முடியாது என்று அவரே பதிலும் சொல்கிறார். பதிலை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துப் போட்டால் யாரை வேண்டுமானாலும் டார்வினுக்கு முன்னோடி ஆக்கலாம்.


ஆட்காட்டி:

அக்கா, திசை வேறு என்பதை விட்டுவிடுவோம், நான் பேசுவது மூலப்பொருளைப் பற்றி. போட்டி, பிழைத்தல், பரம்பரை, பெண்ணுக்கான சண்டை, வளர்ப்புப் பிராணியோடு ஒப்பீடு, இத்தனையும் ஒரே இடத்தில், ஒரே ஆள் எழுதியதில், டார்வின் கையில் இருந்த இதழில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் திருப்பிப் போட்டாலும், எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. 1861இல் மூன்றாம் பதிப்புக்கு டார்வின் முன்னால் ஒரு வரலாற்றுக் குறிப்பு சேர்த்தார். தமக்கு முன்னால் இந்த வழியில் யோசித்தவர்கள் என்று லாமார்க் தொடங்கிப் பலரை அதில் சொல்கிறார். கப்பல் மரத்தைப் பற்றிய புத்தகத்தின் பின்னிணைப்பில் எழுதிய பேட்ரிக் மேத்யூ இருக்கிறார், 1866 பதிப்பில் வெல்ஸ் என்ற மருத்துவரும் சேர்ந்தார். யாரும் கேள்விப்படாத ஆட்களுக்கெல்லாம் இடம் கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வாரக்கணக்கில் உட்கார்ந்து டார்வினுக்கு நீள நீளக் கடிதம் எழுதி, இந்தியப் புறா, கோழி, மாடு, கழுதை என்று கேட்டதையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த பிளைத்துக்கு அங்கே ஒரு வரி இல்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?


பனங்காடை:

அந்தக் குறிப்பு எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். இனங்கள் மாறுகின்றன என்று சொன்னவர்களின் வரிசை அது. வெல்ஸும் மேத்யூவும் மாற்றம் நடக்கிறது என்றார்கள், பிளைத் 1835இல் நடக்காது என்றார். மாறாது என்றவரை மாறும் என்றவர்களின் வரிசையில் எப்படி வைப்பது?

அந்தக் கோழி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, உலகத்துக் கோழி வகைகள் எல்லாம் இந்தியக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று சொல்லும் இடத்தில், இத்தனை பரந்த அறிவுள்ள பிளைத்தின் கருத்தை அநேகமாக வேறு எவர் கருத்தையும்விட மேலாக மதிப்பேன் என்று டார்வின் எழுதுகிறார். ஒருவரை மறைக்க நினைப்பவர் முதல் அத்தியாயத்தில் இப்படி எழுத மாட்டார்.

1855 டிசம்பரில் பிளைத் கல்கத்தாவிலிருந்து டார்வினுக்கு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். டார்வினைப் போலவே இனங்களின் தோற்றம் பற்றி யோசித்துக்கொண்டிருந்த வாலஸ், போர்னியோ தீவின் சரவாக்கில் இருந்து எழுதிய கட்டுரை அப்போதுதான் வந்திருந்தது. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று டார்வினைக் கேட்டு, மொத்தத்தில் நல்ல கட்டுரை, வாலஸ் விஷயத்தை நன்றாகவே எடுத்து வைத்திருக்கிறார் என்கிறார். இருபது ஆண்டுக்கு முன் தாம் எழுதியதை அங்கே அவர் நினைவுபடுத்தவே இல்லை. வாலஸிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொள்கிறவராகத்தான் எழுதுகிறார். தாமே கண்டுபிடித்த கருத்து என்று நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வாக்கியமாவது வந்திருக்கும். 1868இல் லண்டனுக்கு வெளியே டார்வின் வீட்டில் வாலஸோடு விருந்தாளியாகத் தங்கியும் இருக்கிறார்.


வலசை:

இரண்டு பேரும் 1835ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். அந்தக் கட்டுரைகள் எழுதியபோது அவர் இளைஞர். அதற்கப்புறம் இருபது ஆண்டு ஓர் அருங்காட்சியகத்தில் தினமும் உட்கார்ந்து வேலை பார்த்தார், அதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் ஓர் அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்கு அந்த இருபது ஆண்டுதான் முக்கியம்.

கல்கத்தாவில் பாடம் செய்த பறவைத் தோலைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை முதலில் சொல்கிறேன். ஈரக்காற்று ஆண்டில் பாதி நாள். தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்பு தடவாவிட்டால் வண்டு தின்றுவிடும், தடவினாலும் இறகின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பார்க் தெருவில் சொசைட்டியின் கட்டடம் சாமான்களால் நிரம்பி வழிந்தது. கல்வெட்டு, சுவடி, நாணயம், சிலை, எலும்பு, கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இதற்குள் உட்கார்ந்து நேபாளத்திலிருந்து ஹாட்ஜ்சன் அனுப்பியது, சென்னை மாகாணத்திலிருந்து ஜெர்டன் அனுப்பியது, அரக்கானிலிருந்து ஃபேர் அனுப்பியது, இலங்கையிலிருந்து லேயார்டும் கெலார்ட்டும் அனுப்பியது என்று வந்துகொண்டே இருந்த பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு தோலையும் அளந்து, ஏற்கெனவே பெயர் உள்ளதா புதியதா என்று பார்த்து, சொசைட்டியின் இதழில் மாதாமாதம் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க லண்டனிலோ பாரிஸிலோ இருப்பது போன்ற சேகரிப்பு அவருக்குக் கிடையாது. புத்தகம் குறைவு. அவர் பெயர் சூட்டிய இனங்களில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது என்றால் அது கண்ணாலும் நினைவாற்றலாலும் செய்த வேலை. நம்மூர் வேலிப் புதர்களில் குளிர்காலம் முழுக்க 'சக் சக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு முகத்தைக் காட்டாமல் திரிகிறதே அந்த நாணல் கதிர்குருவி, அதைத் தனி இனம் என்று 1849இல் பிரித்துச் சொன்னவர் அவர். மங்கலான பழுப்பில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கிற கதிர்குருவிகளைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கைவிடப்பட்ட மேதை என்று கதை கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்கிறேன். காப்பாளர் என்றால் முழுச் சேகரிப்புக்கும் காப்பாளர். பிளைத் பாலூட்டிகளையும் பறவைகளையும் மட்டும்தான் நெஞ்சார நேசித்தார். பூச்சிகளும் சங்குகளும் காத்துக் கிடந்தன, சொசைட்டி உறுப்பினர்கள் கூட்டத்திலேயே புகார் சொன்னார்கள். பறவைப் பட்டியல் அச்சாகி முடிவதற்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, 1849 என்று தேதி போட்டதற்கு 1852 வரை பின்சேர்க்கை வந்துகொண்டிருந்தது. சம்பளம் போதாமல் உயிருள்ள விலங்குகளை வாங்கி இங்கிலாந்துக்கு விற்கும் தொழிலிலும் இறங்கினார், 1856இல் அவத் நவாபின் ஆட்சியைக் கம்பெனி பறித்தபின் அரண்மனை விலங்குத் தோட்டத்துப் புலிகள் அடிமாட்டு விலைக்குப் போனபோது அதிலும் கை வைத்தார். இன்றைக்கு ஒரு காப்பாளர் இப்படிச் செய்தால் வேலையே போய்விடும்.


ஆட்காட்டி:

வலசை சார், 250 ரூபாயை இருபது ஆண்டுக்கு மேல் ஒரு பைசாகூட உயர்த்தாமல் வைத்திருந்தவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடம் கேட்கிறீர்கள். ஒருவரை வேலைக்கு எடுத்து, பாலூட்டி, பறவை, ஊர்வன, மீன், பூச்சி, சங்கு, எலும்பு எல்லாவற்றையும் பார் என்று சொல்லி, உதவியாளரும் இடமும் தராமல், பிறகு சங்கு தூசி படிந்திருக்கிறது என்று கூட்டத்தில் எழுந்து பேசுவது நியாயமா?

புலி விற்றதையும் அப்படித்தான் பார்க்கிறேன். அன்றைக்கு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையே அப்படித்தான் விலங்குகளை வாங்கியது. டார்வினுக்கு அப்பா விட்டுப்போன பணம் இருந்தது, வாழ்நாளில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை, இருபது ஆண்டு வீட்டில் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. பிளைத்துக்கு யோசிக்க நேரம் இருந்ததா? 1854இல் திருமணம், 1857 டிசம்பரில் மனைவி இறந்தார், அதற்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை.


வலசை:

250 ரூபாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு பவுனுக்குப் பத்து ரூபாய் கணக்கு, அப்படியென்றால் ஆண்டுக்கு 300 பவுன். இங்கிலாந்தில் அது நடுத்தரக் குடும்பத்துக்கு மோசமான வருமானம் இல்லை. கல்கத்தாவில் ஓர் ஐரோப்பியருக்குப் போதாது என்று அவர் எழுதியது உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே ஐரோப்பியராக வாழ்வதற்கென்று ஒரு செலவு இருந்தது. அதே கட்டடத்தில் அவருக்குத் தோலுரித்துக் கொடுத்து, பாடம் செய்து, வண்டு அரிக்காமல் காத்த ஆட்களுக்கு அதில் எத்தனையில் ஒரு பங்கு போயிருக்கும்? நம் அனுதாபம் மாடியில் இருந்தவரோடு நின்றுவிடுகிறது.

சென்னையோடு வைத்துப் பாருங்கள். நம் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபர் ராணுவ மருத்துவர். அருங்காட்சியகப் பொறுப்பு அவருக்குக் கூடுதல் வேலை, சோறு மருத்துவத்திலிருந்து வந்தது. ஜெர்டனும் ராணுவ மருத்துவர், கெலார்ட்டும் மருத்துவர், ஹாட்ஜ்சன் காட்மாண்டில் கம்பெனி அதிகாரி, ஃபேரும் அதிகாரி. இவர்கள் எல்லோரும் வேறு சம்பளத்தில் இருந்துகொண்டு இயற்கையைப் படித்தார்கள். அன்றைய இந்தியாவில் விலங்கியலை மட்டுமே நம்பிச் சம்பளம் வாங்கியவர்கள் மிகக் குறைவு, பிளைத் அவர்களில் ஒருவர். அதனால்தான் அவர் கஷ்டம் நமக்குத் தெரிகிறது, அவர் வேலையின் தரமும் அதனால்தான் வேறாக இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் தோல்களோடு உட்கார மற்றவர்களுக்கு வாய்ப்பில்லை.


பனங்காடை:

சம்பள விஷயத்தில் நான் ஆட்காட்டி பக்கம். சொசைட்டியே அவருக்காக அரசாங்கத்துக்கு மனுப் போட்டது, கிடைத்தது கடைசியில் ஆண்டுக்கு 150 பவுன் ஓய்வூதியம். அதாவது வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி. 1862 கடைசியில் உடைந்துபோன உடம்போடு கப்பல் ஏறினார். காங்கிரஸைத் தொடங்கியவர் என்று நாம் பாடத்தில் படித்த ஹ்யூம், அவரும் பெரிய பறவையியலாளர், பிளைத் இறந்தபின் எழுதியது கடுமையானது. குறைந்த சம்பளம், ஓயாத அவமதிப்பு, இரண்டும் இருந்தும் பணமோ பதவியோ அவரை அந்த வேலையிலிருந்து இழுக்க முடியவில்லை என்று ஹ்யூம் சொல்கிறார். ஹ்யூம் அரசாங்கத்துக்கு உள்ளே இருந்தவர், காரணம் இல்லாமல் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் இதைக் கொண்டுபோய் டார்வின் கணக்கில் எழுதுவதைத்தான் தடுக்கிறேன். பிளைத்துக்கு நடந்த அநியாயம் கல்கத்தாவில், சம்பளப் பட்டியலில் நடந்தது. அதை விட்டுவிட்டு 1835 கட்டுரைக்காகச் சண்டை போட்டால், அவரே கைவிட்ட ஒரு கருத்துக்காக அவரைப் பெரியவர் ஆக்குகிறோம், அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை ஓரத்துக்குப் போய்விடுகிறது.


யாழ்_தும்பி:

நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன், இழையை முதலில் இருந்து வாசித்தேன். இங்கே பிளைத் பெயர் சூட்டிய பறவைகள் கனக்க இருக்கின்றன. நுவரெலியாப் பக்கம் போனால் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியைப் பார்க்காமல் வர முடியாது, அது பிளைத் 1851இல் விவரித்தது. சாம்பல்தலைச் சிரிப்பான் அதே ஆண்டு. எங்கள் மலைக்காட்டுப் புறா 1853இல் கெலார்ட்டும் பிளைத்தும் சேர்ந்து பெயரிட்டது. அவர் இந்தக் காடுகளைக் கண்ணால் பார்க்காமல் கல்கத்தா மேசையில் இருந்துகொண்டு பெட்டியில் வந்த தோலை வைத்துச் சொன்னவை இவை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அந்த மலைப்புறாவின் அறிவியல் பெயர், அதற்குச் சற்று முன்புவரை ஆளுநராக இருந்த டொரிங்டனின் மனைவி பெயர். எங்கள் தீவுக்கே உரிய கிளிக்கு 1849இல் பிளைத் வைத்தது லேயார்டின் மனைவி குடும்பப் பெயர். பெட்டி அனுப்பியவரையும் அவர் வீட்டாரையும் மரியாதை செய்தார்கள், சரி. மரத்தில் ஏறி, சதுப்பில் இறங்கி, பறவையைக் கொண்டுவந்து கொடுத்த ஆள் எங்கே?

ஒரே ஓர் இடத்தில் அவன் இருக்கிறான். லேயார்டிடம் முத்து என்று ஒரு வேலையாள் இருந்தான். பருத்தித்துறையில் ஒரு சின்ன ஈப்பிடிப்பானை முத்து கொண்டுவந்து கொடுக்க, லேயார்ட் 1854இல் அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார். பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் என்று நீங்கள் சொல்கிற அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் முத்துதான் இருக்கிறான், உலகத்தில் எந்த நாட்டுப் பறவைப் புத்தகத்தைத் திறந்தாலும். லேயார்டால் செய்ய முடிந்தது பிளைத்தால் ஏன் முடியவில்லை? படிப்பில்லாமல் மேலே வந்தவர், மேல்தட்டு ஆட்களிடம் அவமானப்பட்டவர் என்று அவருக்காக இவ்வளவு பேசுகிறீர்கள். தனக்குக் கீழே இருந்தவர்களை அவர் எங்கே எழுதி வைத்தார்?


பனங்காடை:

முத்துவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும், இனி பார்க்கும்போது பெயரைச் சேர்த்தே சொல்வேன்.

பிளைத்தின் நிலைமையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முத்துவை லேயார்டுக்குத் தெரியும், ஒரே வீட்டில் இருந்தவர்கள். பிளைத்துக்கு வந்தது பெட்டி. அதன்மேல் இருந்தது அனுப்பிய அதிகாரியின் பெயர். யார் பிடித்தார்கள் என்று அதிகாரி எழுதி அனுப்பாதவரை அவருக்குத் தெரிய வழியில்லை.


யாழ்_தும்பி:

கல்கத்தாவில் அவர் பக்கத்து அறையில் தோலுரித்தவர்கள் பெட்டியில் வரவில்லையே, அக்கா.


வலசை:

இது சரியான கேள்வி. எங்கள் துறையில் இன்றுவரை இதற்கு விடை இல்லை. பழைய பறவைகளின் காலில் கட்டியிருக்கும் அட்டையில் நான்கு விவரம் இருக்கும்: பறவையின் பெயர், இடம், தேதி, கொடுத்தவர். பாடம் செய்தவருக்கு அட்டையில் இடமே கிடையாது. பிளைத் கையால் பார்த்த மூல மாதிரிகளில், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் சூட்ட அடிப்படையாக வைத்த தோல்களில், மிஞ்சியவை இப்போது கல்கத்தாவில் இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையிடம் இருக்கின்றன. ஏசியாட்டிக் சொசைட்டி சேகரிப்பை 1866 சட்டப்படி இந்திய அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள், 1916இல் விலங்கியல் அளவாய்வு தொடங்கியபோது அங்கே போனது. நூற்றெழுபது ஆண்டுக்கு முந்தைய தோல் இன்னும் கையில் எடுத்துப் பார்க்கிற நிலையில் இருக்கிறதென்றால் அதில் பாதிப் பெருமை அதை உரித்து ஆர்சனிக் தடவியவருக்கு. அந்தக் காலத்து வழக்கம் அது என்பதால் பிளைத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் அவரைத் தியாகியாக்கிப் படம் மாட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.


ஆட்காட்டி:

யாழ்_தும்பி சொன்னதை முழுக்க ஏற்கிறேன், அது என் வாதத்துக்கும் பலம்தான். கீழே இருப்பவன் செய்த வேலையை மேலே இருப்பவன் பெயரில் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம் என்று சார் சொல்கிறார். முத்துக்கு மேலே லேயார்ட், தோலுரித்தவருக்கு மேலே பிளைத், பிளைத்துக்கு மேலே டார்வின். கடைசிப் படியில் மட்டும் அந்த வழக்கம் இல்லாமல் போய்விட்டது என்று நான் ஏன் நம்ப வேண்டும்?


பனங்காடை:

நம்பச் சொல்லவில்லை தம்பி, சான்றைப் பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மேத்யூவையே எடுத்துக்கொள்வோம். 1859 நவம்பரில் டார்வின் புத்தகம் வந்தது. 1860 ஏப்ரலில் தோட்டக்கலை இதழ் ஒன்றில் மேத்யூ, இதை நான் 1831இலேயே சொல்லிவிட்டேன் என்று பழைய பகுதிகளை எடுத்துப் போட்டு எழுதினார். அதே மாதம் அதே இதழில் டார்வின் பதில் எழுதி, ஆமாம், மேத்யூ பல ஆண்டுக்கு முன்பே சொல்லியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு வரலாற்றுக் குறிப்பில் பெயரையும் சேர்த்தார். கேட்டவருக்குக் கொடுத்திருக்கிறார். பிளைத் 1859க்குப் பிறகு பதினான்கு ஆண்டு உயிரோடு இருந்தார், அதில் பத்து ஆண்டுபோல இங்கிலாந்திலேயே, எழுதிக்கொண்டு. ஒரு நாளும் கேட்கவில்லை. ஏனென்றால் தாம் எழுதியது வேறு என்று அவருக்கே தெரியும்.


ஆட்காட்டி:

மேத்யூ யார்? ஸ்காட்லாந்தில் சொந்த நிலமும் பெரிய பழத்தோட்டமும் வைத்திருந்தவர். டார்வின் கோபித்துக்கொண்டால் அவர் வீட்டில் ஒரு ஆப்பிள்கூடக் குறையாது. பிளைத் 150 பவுன் ஓய்வூதியத்திலும் பத்திரிகைக்கு எழுதிக் கிடைப்பதிலும் லண்டனில் காலம் தள்ளியவர். அறிவியல் வட்டத்தில் அவருக்கு இருந்த ஒரே பிடிமானம், டார்வின் போன்றவர்கள் அவரை மதித்துக் கடிதம் எழுதியதும் புத்தகத்தில் பெயர் போட்டதும்தான். அதை முறித்துக்கொண்டு உரிமை கேட்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? கேட்காததை வைத்து உரிமை இல்லை என்று சொல்ல முடியாது. சம்பள உயர்வு கேட்டும் இருபது ஆண்டு கிடைக்காத மனிதர் அவர், கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வரும்?


பனங்காடை:

துணிச்சல் இல்லாதவர் என்று பிளைத்தைச் சொல்வது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை. தமக்குச் சம்பளம் கொடுத்த சொசைட்டியோடேயே எதிர்த்து நின்றவர், புகார் சொன்னவர்களுக்கு நேருக்கு நேர் பதில் கொடுத்தவர். ஹாட்ஜ்சன் போன்ற பெரிய கையோடு பறவைப் பெயர்களுக்காக வாதம் செய்திருக்கிறார். லண்டன் வந்தபின் ஃபீல்ட் இதழில் புனைபெயரில் தொடர்ந்து எழுதினார், காட்டு மாடு, கொக்கு, நாரை என்று. தம் பெயரைப் போட்டு உரிமை கேட்கத் தயக்கம் என்றால்கூட, அந்தப் புனைபெயரில், 1835 கட்டுரையைப் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தக் கட்டுரைகளில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்துப் போடுங்கள், நான் படிக்கத் தயார்.